சரியாகக் கட்டாத ஆடு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகத் தியாகத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். கிறிஸ்தவ இரக்கம், ஏழைகளுக்காகத் தன்னை ஒப்புக்கொடுத்தல் என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். நான் யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள். வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவள். திருச்சபையின் சமூகசேவை அலுவலகத்தில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். கிறிஸ்தவ இரக்கத்தைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை என்றால், கிறிஸ்தவர்கள் எல்லோரும் வேறு முக்கியமான வேலையில் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஏற்கெனவே பயிற்சி நடந்திருக்கும். நல்ல ஹோட்டலில், குளுகுளு அறையில், ஏழைகளின் பக்கம் நிற்பது எப்படி என்று சுவரில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். எனக்கும் அப்படிப் பல பயிற்சிகள் நடந்தன. சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏழைகளின் பக்கம் நிற்கும்போது எந்தப் பக்கம் மிதிபடும் என்பதை மட்டும் அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் தெரிந்துகொண்டது ஓர் ஆட்டினால்.

தோட்டங்களை அரசாங்கத்திடமிருந்து கம்பனிகள் பொறுப்பெடுத்திருந்த புதிது. தெஹியோவிட்டைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் ஆடு கொடுக்கும் திட்டம் ஒன்றைக் கொழும்புத் தலைமை அலுவலகம் எங்கள் தலையில் கட்டியது. வெளிநாட்டுக் கிறிஸ்தவக் கோயில் ஒன்றில் பிள்ளைகள் ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் மிட்டாய் தின்னாமல் சேர்த்த காசு என்றார்கள். அந்தப் பிள்ளைகள் ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு பெயரும் வைத்து அனுப்பியிருந்தார்கள். ஆட்டின் காதில் சிவப்புப் பட்டை மாட்டி, அந்தப் பெயரைச் சொல்லி, ஆட்டையும் வாங்குகிறவரையும் சேர்த்துப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். ஆடு சிரிக்கவில்லை என்று ஒரு படம் திரும்பி வராததுதான் ஆச்சரியம்.

றப்பர் தோட்டத்தில் ஆடு எதைத் தின்னும் என்று கொழும்பில் யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயம் இருக்கிறது, லயத்துக்குப் பின்னால் ஒரு முழம் நிலம் இருக்கிறது, அதற்கப்பால் எல்லாம் கம்பனியின் றப்பர். ஆட்டுக்கு மிகவும் பிடித்த தீனி றப்பர் கன்றின் இளந்தளிரும் பட்டையும். இதை நான் கடிதத்தில் எழுதினேன். எதிர்மறையாகச் சிந்திக்க வேண்டாம் என்று பதில் வந்தது.

முதலில் லயத்துக்கொரு கிடாய் கொடுத்தோம், இனம் பெருகட்டும் என்று. அந்த மாதமே முனியாண்டி கோயில் திருவிழா வந்தது. கேட்காமலேயே கொழுத்த கிடாய்கள் வீடு தேடி வந்தால் அது யார் செயல் என்று சனங்களுக்குத் தெரியாதா? ஒன்றுவிடாமல் முனியாண்டிக்குப் போய்ச் சேர்ந்தன. பிரசாதம் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. எங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஃபாதர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “அவங்க சாமிக்கு அவங்க குடுத்துட்டாங்க. நம்ம சாமிக்கு நாம ரிப்போட் குடுப்போம்” என்றார். கிடாய்கள் சமூகத்தின் பொதுத் தேவைக்குப் பயன்பட்டன என்று எழுதினேன். கொழும்பில் பாராட்டினார்கள்.

அந்த ஃபாதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தில் பிறந்து வளர்ந்தவர். நடுத்தர வயது, முன்கோபக்காரர், பூசைக்கு நேரத்துக்கு வரமாட்டார், பிரசங்கம் சுமார் ரகம். அவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டு நான் பார்த்த ஒரே பொருள் அந்தத் தோட்டத்தில் ஒரு சின்னக் கோயில். அங்கே கிறிஸ்தவக் குடும்பங்கள் சொற்பம். பகலில் பிள்ளைகளைத் தூங்கப்போடும் பிள்ளைக்காம்பராவில், தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, மாதத்துக்கு ஒரு பூசை நடக்கும். கோயில் கட்ட ஒரு துண்டு நிலம் கேட்டு ஃபாதர் பல வருஷமாக நடையாய் நடந்தார். தோட்டத்தை நிர்வகித்த அரசாங்கக் காலத்துத் துரைமாரிடம் கேட்டார், கம்பனிக் காலத்துத் துரையிடமும் கேட்டார். கடைசியில் கம்பனித் துரை மனமிறங்கி, பழைய ஸ்டோருக்கு மேலே ரோட்டோரமாக ஒரு துண்டு தருவதாக ஒப்புக்கொண்டார். அடிக்கல் நாட்ட ஆயர் வருவதாகவும் முடிவாகியிருந்தது. அந்த நாட்களில் ஃபாதர் நேரத்துக்குப் பூசைக்கு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடாய்களுக்குப் பிறகு பெட்டை ஆடுகள் வந்தன. அவற்றில் மார்கிரெட் என்ற செந்நிற ஆடு பார்வதிக்குப் போனது. பார்வதியின் புருஷன் றப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. பாம்பு கடித்து இறந்துபோனான். இரண்டு பெண் பிள்ளைகள். பார்வதி தோட்டத்துப் பதிவேட்டில் பேர் பதியாத ஆள், கைக்காசுக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பரா செத்துப்போன புருஷனின் பெயரில் இருந்தது. அவளுடைய பெயரைப் பதிந்தால் காம்பரா அவளுக்கு. பதியாவிட்டால் காம்பராவை விட்டு இறங்க வேண்டியதுதான். இறங்கினால் போவதற்கு அவளுக்கு ஓர் இடமும் இல்லை. அந்த மாத முடிவில் பெயர் பதிவதாகத் துரை வாக்குக் கொடுத்திருந்தார். அப்படிப்பட்ட நேரம் பார்த்து நாங்கள் அவளுக்கு ஓர் ஆட்டைக் கொடுத்தோம். மார்கிரெட் என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை, செவலை என்று கூப்பிட்டாள்.

ஆடு கொடுத்த அன்று கூட்டம் வைத்து ஒரு நிபந்தனை சொன்னோம். ஆடு முதலில் போடும் பெட்டைக் குட்டியை மிஷனுக்கு, அதாவது எங்களுக்கு, திருப்பிக் கொடுக்க வேண்டும், அது அடுத்த ஏழைக்குப் போகும். அந்தக் குட்டியைக் கொடுக்கும்வரை தாயாடு மிஷனுக்குச் சொந்தம். கொடுத்த பிறகுதான் முழுசாக வாங்கியவருக்குச் சொந்தம். கொழும்பிலிருந்து பிறகு இதற்கொரு வாலும் ஒட்டினார்கள். சொந்தம் மிஷனுக்கு, ஆனால் ஆடு செய்யும் நாசத்துக்குப் பொறுப்பு வாங்கியவருக்கு. யாராவது கேட்டால் அப்படியே சொல்லும்படி எனக்குத் தொலைபேசியில் உத்தரவு. சட்டம் படித்த மூளை அதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

அடிக்கல் நாட்டுவதற்கு முந்திய வாரம், நிலத்தை அளந்து முளை அடிக்க ஃபாதரும் நானும் காலையிலேயே தோட்டத்துக்குப் போனோம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வேலைக்காரர்கள் நின்றார்கள், பெயர் கூப்பிட்டு முடிந்தும் யாரும் பால் வெட்ட மலைக்குப் போகவில்லை. ஆபிஸ் தூணில் ஓர் ஆடு கட்டியிருந்தது. சிவப்புப் பட்டை. நான் பார்த்ததும் தெரிந்துகொண்டேன், மார்கிரெட். முந்திய நாள் பகலில் பார்வதி மலையில் நின்ற நேரம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு புதிதாக நட்ட றப்பர் நிலத்துக்குள் புகுந்திருக்கிறது. ஒட்டுக் கன்றுகள் வரிசை வரிசையாக மொட்டையாகிவிட்டன. அந்தப் புது நடுகையைக் காட்டித்தான் துரை கம்பனியிடம் நல்ல பெயர் எடுக்கவிருந்தார். அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

துரை எங்களைப் பார்த்து மரியாதையாகத்தான் தலையசைத்தார். இதை முடித்துவிட்டு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் ஃபாதர் என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு சிங்களத்தில், யாருடைய ஆடு என்று கேட்டார். அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் சிங்களம் அத்துப்படி. அன்றைக்கு ஒருவருக்கும் விளங்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் தன் செருப்பு வாரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வதி மூன்றாவது வரிசையில் வாளியோடு நின்றாள்.

துரை சொன்னது இதுதான். ஆட்டுக்குச் சொந்தக்காரர் பேர் பதிந்தவரானால் பெயர் வெட்டப்படும். பதியாதவரானால் இனிப் பதியப்படவே மாட்டாது. இரண்டில் எதுவானாலும் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். சொல்லிவிட்டு ஆட்டின் காதைப் பிடித்துப் பட்டையைப் பார்த்தார். அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார். இது நீங்கள் கொடுத்த ஆடுதானே மிஸ், யாருக்குக் கொடுத்தீர்கள்?

இங்கே நிறுத்திக் கொஞ்சம் யோசியுங்கள், ஏனென்றால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு ரூபத்தில் உங்களிடமும் வரும். உண்மையைச் சொன்னால் பார்வதி தெருவில். தெரியாது என்றால் பொய், அதுவும் ஆட்டோடு அவள் நிற்கும் படம் வெளிநாட்டுக்கே போயிருக்கும்போது. கொழும்பு சொன்னபடி சொன்னால் நிறுவனம் தப்பிக்கும், எனக்கும் உத்தியோகம் இருக்கும். அலுவலகத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் சேர் என்று இழுக்கலாம் என நினைத்தேன். மத்தியானம்வரை தாக்குப்பிடித்திருக்கும். என் மூளை எட்டியது அவ்வளவுதான், அதுவே பெரிய சாமர்த்தியம் என்று அந்த நிமிஷம் பட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபாதர் முன்னால் போனார். கையில் நிலம் அளக்கக் கொண்டுவந்த கயிறு.

“அது என் ஆடு” என்றார். சிங்களத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னார்.

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளையாட வேண்டாம் ஃபாதர் என்றார். ஃபாதர் விளையாடவில்லை. முதல் குட்டி மிஷனுக்கு வரும்வரை ஆடு மிஷனுக்குச் சொந்தம், இந்த ஆடு இன்னும் குட்டி போடவில்லை, இந்த இடத்தில் மிஷன் என்றால் நான்தான் என்று நிதானமாக விளக்கினார். அதுவரை சரி, நிபந்தனைப்படி அது உண்மையும்கூட. சரி, பார்த்துக்கொண்டது யார், கட்டிவைத்தது யார் என்று துரை விடவில்லை.

“நான்தான் கட்டினேன். சரியாக் கட்டல” என்றார் ஃபாதர்.

பார்வதி வாளியைக் கீழே வைத்தாள். ஓரடி முன்னால் எடுத்தும் வைத்துவிட்டாள். “இல்லீங்க, அது...” என்று ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்றவள் அவள் கையைப் பிடித்துவிட்டாள். ஃபாதர் அவள் பக்கம் பார்க்கவே இல்லை, பொதுவாகச் சத்தம் போட்டார்.

“இங்க என்ன வேடிக்க? வெயில் ஏறுனா பால் நின்னுரும். எல்லாரும் மலைக்குப் போங்க.”

துரை கலைக்க வேண்டிய பிரட்டை ஃபாதர் கலைத்துவிட்டார். சனமும் விட்டது போதும் என்று வாளிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தது. துரைக்கு அதுதான் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன், கன்றுகள்கூட இரண்டாம் பட்சம். அவர் முட்டாளில்லை. ஃபாதர் எதையோ மூடுகிறார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இத்தனை பேர் முன்னால் ஒரு சாமியாரைப் பொய்யன் என்று சொல்லவும் முடியாது, அவர் பெயரைச் செக்ரோல் பதிவேட்டில் வெட்டவும் முடியாது. கையில் இருந்ததைத்தான் அவரால் பிடுங்க முடிந்தது. ஓர் ஆட்டை ஒழுங்காகக் கட்டத் தெரியாதவருக்கு என் தோட்டத்தில் கோயில் எதற்கு என்று கேட்டார். நிலம் கிடையாது. பிள்ளைக்காம்பராவில் பூசையும் கிடையாது. சனிக்கிழமைக்குள் மிஷனின் ஆடுகள் ஒன்றுகூடத் தோட்டத்தில் இருக்கக்கூடாது, ஃபாதரும் அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டி வரக்கூடாது.

ஃபாதர் கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தூணிலிருந்து மார்கிரெட்டை அவிழ்த்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். அது வர மறுத்து நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. பின்னாலிருந்து நான் தள்ளினேன். தியாகம் என்றால் பாட்டுப் பின்னணியோடு நடக்கும் என்று நீங்கள் நினைத்திருந்தால் மன்னிக்கவும். ரோட்டில் வைத்து, முதல் பாதி சட்டம், இரண்டாம் பாதி சுத்தப் பொய், தெரியும்தானே ஃபாதர் என்றேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்வாராம், அதுவும் ஆடு வளர்த்த அனுபவமுள்ள சாமியாராகப் பார்த்து.

இனி எங்கள் நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். நாங்கள் வராமல் இருந்திருந்தால் பார்வதிக்கு ஆடு இருந்திருக்காது, மாத முடிவில் பெயர் பதிந்திருப்பார்கள். நாங்கள் வந்து உதவி செய்ததால், அவளுக்கு ஆடும் இல்லை, பெயர் பதிவதும் சந்தேகம் என்றாயிற்று. நம்முடைய உதவியிலிருந்து அவளைக் காப்பாற்றத்தான் ஒரு மனுஷன் தன் கோயிலைக் கொடுக்க வேண்டியிருந்தது. இதை இப்படியே எழுதினால் எந்த அறிக்கையிலும் இடம் கிடைக்காது. ஆடுகள் பொருத்தமான வேறு பிரதேசத்துக்கு மாற்றப்பட்டன என்று கொழும்பில் எழுதிக்கொண்டார்கள். ஃபாதர் நிறுவனத்தின் நிலைப்பாட்டை மீறிப் பேசியதாகவும் ஆயருக்கு ஒரு கடிதம் போனது.

துரையை விட, கொழும்பை விட, அவரை நோகடித்தவர்கள் அவருடைய சொந்தச் சனங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் மூப்பராக இருந்தவர் தெஹியோவிட்டைக் கடைவீதிக்கு வந்து எங்கள் அலுவலகத்தில் ஃபாதருக்கு எதிரே உட்கார்ந்தார். நல்ல மனுஷன், அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்தத் தோட்டத்தில் செபமாலை சொல்கிற குடும்பம். கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது.

“தொட்டிலுக்கு நடுவுல முழங்கால் போட்டு எத்தன வருசம் பூச கண்டோம் ஃபாதர். இப்ப அதுவும் போச்சு. அந்தப் பொம்பள முனியாண்டி கும்புடுறவ. நம்ம சனமாவது ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாதா?”

எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது, இன்றைக்கும் படுகிறது. தன்னுடையதைக் கொடுப்பது ஒன்று. இவர்களுடையதையும் சேர்த்துக் கொடுக்க ஃபாதருக்கு யார் உரிமை தந்தது? ஃபாதர் முன்கோபக்காரர் என்று சொன்னேன் அல்லவா, அன்று கோபப்படவில்லை. மூப்பரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தப்புதான். ஒங்கள ஒரு வார்த்த கேக்கல, கேக்க நேரமும் இல்ல. ஆனா நாம பூசைக்கு டவுனுக்கு நடந்து வரலாம் மூப்பரே. காம்பரா போச்சுன்னா, அவ ரெண்டு புள்ளயோட எங்க நடப்பா?”

மூப்பர் சமாதானமாகவில்லை. கதைகளில் என்றால் கட்டிப்பிடித்து அழுதிருப்பார். இவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். பிறகு கடைசிவரை ஃபாதரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருடைய ஆட்கள் மாதந்தோறும் டவுனுக்கு நடந்து வந்து பூசை கண்டார்கள், பின்வரிசையில் உட்கார்ந்து, பிரசங்கம் ஆரம்பித்ததும் வெளியே பார்த்துக்கொண்டு. ஃபாதர் அதையும் பீடத்தில் நின்று பார்த்தார். அது எனக்கு வலித்தது. அவருக்கு எப்படி இருந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாத முடிவில் பார்வதியின் பெயரைப் பதிந்தார்கள். துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒருவேளை ஆடு யாருடையது என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தும் பதிந்தாரோ என்னவோ. அதற்கடுத்த மாதம் ஆயரிடமிருந்து ஃபாதருக்கு மாற்றல் வந்தது. வடக்கே, தூரத்தில், சண்டை நடக்கும் பக்கத்தில் ஒரு பங்கு. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. அனுபவம் உள்ளவர் தேவைப்படுகிறார் என்றார்கள்.

அவர் புறப்பட்ட காலையில் தெஹியோவிட்டை பஸ் தரிப்பில் அவரோடு நின்றது நான் ஒருத்திதான். ஒரு பை, ஒரு குடை. அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை, ஏனென்றால் அன்றைக்கு அவர்களுக்குப் பயிற்சி. மூப்பர் வரமாட்டார் என்று தெரியும். ஆனால் பார்வதி வருவாள் என்று நான் நிச்சயமாக நம்பியிருந்தேன். வெற்றிலையோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கும்பிடாவது. அவிசாவளை பஸ் ஒன்று போனது, அதற்குப் பின்னால் இன்னொன்றும் போனது. நானாக எதையாவது காரணம் சொல்லி அவரைத் தாமதப்படுத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தச் சனங்களுக்கு நன்றி என்பதே கிடையாது ஃபாதர், ஒரு எட்டு வந்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று வெடித்துவிட்டேன்.

ஃபாதர் அண்ணாந்து பார்த்தார். பல நாள் மழையில் தோட்டத்தில் பால்வெட்டு நின்றிருந்தது, அன்றைக்குத்தான் வானம் வெளுத்திருந்தது.

“மழ விட்டிருக்கு. பால்வெட்டு இருக்கும்” என்றார். “பேர் பதிஞ்சவ வேலைக்குப் போயிருக்கா. இங்க வந்து நின்னிருந்தா நான் அவள ஏசியிருப்பேன்.”

அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டி அவரே நிறுத்தினார். என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார்.